குண்டு போய் நிற்கும் இடம்

சென்னை மூர் மார்க்கெட் நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் புறநகர் ரயில், எண்ணூரின் புகைபோக்கிகளைத் தாண்டியதும் வேறு நிலத்துக்குள் நுழைகிறது. அத்திப்பட்டு, மீஞ்சூர், அனுப்பம்பட்டு, பொன்னேரி, கவரைப்பேட்டை என்று நிலையங்கள் வரிசையாக வருகின்றன. ஜன்னலுக்கு ஒரு பக்கம் நெல் வயல், மறுபக்கம் கிடங்கு மதில். திருவள்ளூர் மாவட்டத்தின் இந்த வடகிழக்கு மூலையில் விவசாயமும் தொழிற்சாலையும் ஒரே வரப்பைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. பயிரை அழிக்கும் விலங்கை எப்படித் தடுப்பது, தடுக்கத் துப்பாக்கி வேண்டுமா, வேண்டுமென்றால் எந்தத் துப்பாக்கி, அதில் எவ்வளவு மருந்து என்ற கேள்விகளுக்கு விடை தேட இதைவிடப் பொருத்தமான வழித்தடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

பொன்னேரியில் இறங்கிக் கிழக்கே பேருந்து பிடித்தால் பழவேற்காடு. பூநாரைக்கும் இறாலுக்கும் பேர்போன ஊர். ஆனால் இந்தப் பயணத்துக்கு அங்கே வேறொரு காரணம் இருக்கிறது. 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 17-ஆம் நூற்றாண்டில் அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனி இந்த ஊரில் வெடிமருந்து ஆலை நடத்தியது. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் அரைபட்டுக் கருமருந்தாகி, கப்பலேறிப் படேவியாவுக்கும் இலங்கைக்கும் போயின. கோட்டையில் இன்று மண்மேடும் புதரும்தான் மிச்சம். தொல்லியல் துறை காக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் நல்ல நிலையில் இருக்கிறது. அதன் நுழைவாயிலில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பார்க்க இன்றும் ஆட்கள் வருகிறார்கள்.

கருமருந்துக் காலத்துத் துப்பாக்கியில் ஒரு சிறப்பு உண்டு. குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, துணியோ நாரோ வைத்துக் கெட்டித்து, மேலே ரவையைப் போட்டு மறுபடி கெட்டிக்க வேண்டும். ஒவ்வொரு வெடிக்கும் எவ்வளவு மருந்து என்பதைச் சுடுபவரின் கைதான் அளந்தது. கொக்குக்கு ஓர் அளவு, முயலுக்கு ஓர் அளவு, பன்றிக்கு ஓர் அளவு. குழல் அதேதான், பலம் மட்டும் இலக்குக்குத் தக்கபடி மாறும். ஊர் ஊராகப் போய் நரியும் பறவையும் வேட்டையாடிப் பிழைத்த நரிக்குறவர்களின் நாட்டுத் துப்பாக்கி இந்தக் கணக்கில்தான் இயங்கியது. இதே மாவட்டத்தின் ஆவடியில் அவர்களுக்குக் குடியிருப்பு உண்டு. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வேட்டையை விட்டு வெகுகாலம் ஆகி, ஊசிமணி பாசிமணி விற்கும் சமூகமாகவே பலர் அவர்களை அறிவார்கள். ஆனால் மருந்தை அளந்து போடும் அறிவு அவர்களிடம் தலைமுறைகளாக இருந்தது.

அந்தப் பழைய துப்பாக்கிக்குச் சட்டத்தில் இன்னும் இடம் இருக்கிறது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 13-ஆம் பிரிவில், உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கென்றே வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு உரிமம் கொடுக்க வழி செய்கிறது. காவல்துறைக் குறிப்புகளில் இதை எஸ்.பி.எம்.எல். துப்பாக்கி என்பார்கள். ஒற்றைக் குழல், வாய்வழி மருந்து. உரிமம் இல்லாமல் வைத்திருந்தவர் பிடிபட்டால், கூடவே கருமருந்தும் பால்ரஸ் குண்டும் பறிமுதல் என்ற செய்தி மறுநாள் நாளிதழில் வரும். தோட்டாவைச் சொந்தமாகத் தயாரிப்பதற்கும் இதே சட்டப்படி உரிமம் வேண்டும். இல்லையென்றால் அது குற்றம்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூட்டை எடுத்து வைத்து, புது மருந்தும் குண்டும் இட்டு மறுபடி பயன்படுத்துவது பல லட்சம் பேரின் பொழுதுபோக்கு. மான் வேட்டைக்கு என்று வாங்கிய பெரிய ரைஃபிளிலேயே மருந்தைக் குறைத்து, எடை குறைந்த குண்டையோ வார்த்த ஈயக் குண்டையோ வைத்து, புல்வெளியில் வளை தோண்டும் அணில் இனங்களையும் மர்மோட்டையும் சுடுவார்கள். தோளில் உதை குறையும், சத்தம் குறையும், குழல் தேய்வதும் குறையும், செலவும் மிச்சம். மான் பருவத்தில் கையில் எடுக்கப்போகும் அதே துப்பாக்கியோடு ஆண்டு முழுவதும் பழகிக்கொண்டே இருக்கலாம். இந்த ஆசைக்குக் கடையிலேயே தோட்டா விற்ற காலமும் உண்டு. ரெமிங்டன் கம்பெனி 1977-ல் ஆக்சிலரேட்டர் என்ற பெயரில் ஒன்றைக் கொண்டு வந்தது. பாயிண்ட் 30-06 என்ற பெரிய ரைஃபிளுக்கான தோட்டாவில், பிளாஸ்டிக் உறைக்குள் பொருத்திய 55 கிரெயின் எடையுள்ள சிறு குண்டு. குழலை விட்டு வெளியேறியதும் உறை கழன்று விழ, குண்டு மட்டும் பறக்கும்.

இதில் இயற்பியல் எளிது. குண்டின் வேகம் பாதியானால் அதன் ஆற்றல் கால்பங்காகிவிடும். மருந்தைக் கொஞ்சம் குறைத்தாலும் பலம் வெகுவாக இறங்குவது அதனால்தான். ஆனால் அதில் ஆபத்துகளும் உண்டு. பெரிய கூட்டுக்குள் சிறிதளவு மருந்து இருந்தால் அது ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கும், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி பற்றாது. கூடு பாதி காலியாக இருப்பதால் தவறிப்போய் இரண்டு தடவை மருந்து போட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. அழுத்தம் போதாவிட்டால் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். குறைத்தால் பாதுகாப்பு என்று எண்ணி அச்சிட்ட அட்டவணையை மீறி இஷ்டம்போல் குறைப்பவர்களுக்கு அனுபவசாலிகள் திரும்பத் திரும்பச் சொல்லும் எச்சரிக்கை இது.

இந்தியாவில் பெரிய ரைஃபிளின் கதையே வேறு. 1907 வாக்கில், ராணுவத் துப்பாக்கிகளுக்குப் பொருந்தும் தோட்டா கலகக்காரர்கள் கைக்குப் போய்விடும் என்ற அச்சத்தில், பாயிண்ட் 450 அளவுத் தோட்டா இந்தியாவுக்குள் வருவதை ஆங்கில அரசு தடுத்தது. லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் பாயிண்ட் 470, பாயிண்ட் 465 என்று புது அளவுகளைக் கண்டுபிடித்து விற்றது அதனால்தான். சுதந்திர இந்தியாவில் சாதாரணக் குடிமகனுக்குக் கிடைக்கும் ரைஃபிள் என்றால் பெரும்பாலும் பாயிண்ட் 315. அரசின் துப்பாக்கித் தொழிற்சாலைகள் அதைத் தயாரித்தன. ராணுவத்தின் பாயிண்ட் 303 தோட்டா அதில் போகாது. பயிர்க்காவலுக்குச் சட்டம் கை காட்டுவது இந்த ரைஃபிளை அல்ல, வாய்வழித் துப்பாக்கியை. இரண்டுக்கும் உள்ள பெரிய வேற்றுமை தூரம். சிறு ரவை இருநூறு, இருநூற்றைம்பது மீட்டரில் பலமிழந்து விழுந்துவிடும். ரைஃபிள் குண்டு அப்படி விழாது.

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குத் திரும்பும் வழியில் அறுவடை முடிந்த வயல்களில் வேறொரு காட்சி கிடைக்கும். கடப்பாறையும் சட்டியுமாக இருளர் பழங்குடியினர் வரப்பில் குனிந்திருப்பார்கள். நெல்லுக்கு முதல் எதிரி பன்றி அல்ல, எலி. கதிரை அறுத்து வளைக்குள் இழுத்துச் சேர்த்து வைக்கும் கரம்பை எலியின் ஒவ்வொரு வாசலும் இருளருக்குத் தெரியும். ஒரு வாசலில் புகை மூட்டினால் எலி எந்த வாசலில் வெளியேறும் என்று பார்த்து அங்கே கை வைப்பார்கள். எலியும் கிடைக்கும், அது பதுக்கிய நெல்லும் கிடைக்கும். மண்பானையில் புகை மூட்டி வாயால் ஊதுவது அவர்கள் வழக்கம். உதடு சுடும், புகை நெஞ்சுக்குள் போகும். இதற்கு மாற்றாகக் கையால் சுழற்றும் இரும்புப் புகைக்கருவியை உருவாக்கிய திட்டம் 2003-ல் உலக வங்கியின் வளர்ச்சிச் சந்தைப் போட்டியில் பரிசு பெற்றது. இருளர்களின் அறிவு உலகம் அறிந்தது. செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய அவர்களுடைய பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நாட்டுக்கே விஷமுறிவு மருந்துக்கான நஞ்சைக் கொடுக்கிறது. அந்தச் சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2017-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா வரை போய் மலைப்பாம்பு பிடித்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பயிரைத் தின்னும் விலங்கு என்றதும் துப்பாக்கியை நினைப்பவர்கள் பொன்னேரி வரப்பில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். வேலைக்குத் தேவையான பலம் பூஜ்யமாகவும் இருக்கலாம்.

மறுபடி ரயிலேறிக் கும்மிடிப்பூண்டியில் இறங்கினால் காற்றே மாறிவிடுகிறது. சிப்காட் வளாகத்தின் இரும்பு உருட்டாலைகளும் வார்ப்பாலைகளும் இரவு பகலாக ஓடுகின்றன. கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் லாரிகள் ஓய்வதில்லை. ஷிப்டு மாறும் நேரத்தில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் சாலையோரமாக அறைக்கு நடக்கிறார்கள். தகரக் கூரை வரிசை வீடுகளில் ஒருவர் எழுந்து வேலைக்குப் போக, இன்னொருவர் வந்து அதே பாயில் படுக்கிறார். மதிலுக்கு அந்தப் பக்கம் சீமைக் கருவேலப் புதர், அதற்கும் அப்பால் ஏரிக்கரை, கரைக்குக் கீழே வயல். இரவு இரண்டு மணிக்கும் இந்த நிலத்தில் எங்காவது ஒரு மனிதர் நடந்துகொண்டிருப்பார்.

கவரைப்பேட்டையிலிருந்து சத்தியவேடு சாலையில் மேற்கே போனால் நிலம் மெல்ல ஏறுகிறது. செம்மண், முந்திரி, வேர்க்கடலை, ஆங்காங்கே காப்புக்காட்டுத் துண்டுகள். தேர்வாய் கண்டிகையில் மேய்ச்சல் காடு சிப்காட்டுக்குப் போவதை எதிர்த்து ஊர் மக்கள் போராடினார்கள். இப்போது அங்கே மிஷ்லின் டயர் ஆலை நிற்கிறது. அருகிலேயே கண்ணன்கோட்டை – தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம். சென்னைக்குக் குடிநீர் தரும் ஐந்தாவது ஏரி என்று 2020 நவம்பரில் திறந்தார்கள். அரை டி.எம்.சி. கொள்ளளவு. காடு, ஆலை, ஏரி, ஊர், கடலைக் கொல்லை எல்லாம் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடக்கின்றன.

காட்டுப்பன்றிக்கு இப்படிப்பட்ட நிலம் பிடிக்கும். பகலில் புதரில் படுத்து இரவில் கூட்டமாக இறங்கும். வேர்க்கடலைக் கொல்லையில் ஒரு கூட்டம் இறங்கினால் ஏர் ஓட்டியது போல் ஆகிவிடும். கரும்பும் மரவள்ளியும் நெல்லும் அதற்கு ஒன்றுதான். ஒரே ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டிகள் போடும். புலியும் சிறுத்தையும் இல்லாத இடத்தில் அதைக் குறைக்க ஆளில்லை. விவசாயிகள் செய்து பார்க்காதது இல்லை. கொல்லையைச் சுற்றிப் பழைய சேலை கட்டுகிறார்கள். இரவெல்லாம் தகரம் தட்டுகிறார்கள், பட்டாசு வெடிக்கிறார்கள், பரண் போட்டுக் காவல் இருக்கிறார்கள். ஒரு பருவத்து உழைப்பு ஒரே ராத்திரியில் போவதைப் பார்த்தவருக்கு அடுத்த நாள் வரும் ஆத்திரம் நியாயமானது.

அந்த ஆத்திரம் சிலரைத் தவறான வழிக்கும் இழுக்கிறது. திருட்டு மின்வேலியில் பன்றியோடு மனிதரும் செத்த வழக்குகள் தமிழகக் காவல் நிலையங்களில் நிறைய இருக்கின்றன. இரைக்குள் நாட்டு வெடியை மறைத்து வைக்கும் அவுட்டுக்காய், கடித்த விலங்கின் தாடையைச் சிதறடிக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் யானைகளும் அதற்குப் பலியாகியிருக்கின்றன. ஆடு மாடு மேய்க்கும் சிறுவர்கள் மிதித்தால் அவர்கள் கதியும் அதேதான்.

சட்டமும் நகர்ந்திருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காகம், எலி, பழந்தின்னி வௌவால் போன்றவற்றுக்குத் தீங்குயிர்கள் என்ற தனி அட்டவணை முன்பு இருந்தது. 2022 திருத்தத்தில் அந்த அட்டவணை எடுக்கப்பட்டது. காட்டுப்பன்றி இப்போது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பயிருக்கு ஆபத்து என்றால் 11-ஆம் பிரிவின்படி அனுமதி பெற்றே சுட முடியும். கேரளம் 2022 மே மாதத்தில் அந்த அனுமதி கொடுக்கும் அதிகாரத்தை ஊராட்சித் தலைவர்களிடம் ஒப்படைத்து, உரிமம் உள்ள துப்பாக்கிக்காரர்களைப் பட்டியலிட்டது. பீகாரில் மத்திய அரசின் அறிவிப்போடு 2016 ஜூனில் மொகாமா பகுதியில் ஹைதராபாதிலிருந்து ஆட்களை வரவழைத்து இருநூறுக்கும் மேற்பட்ட நீலான்களைச் சுட்டார்கள். அன்றைய மத்திய அமைச்சர்கள் மேனகா காந்தியும் பிரகாஷ் ஜவடேகரும் அதுபற்றி வெளிப்படையாகவே மோதிக்கொண்டார்கள்.

தமிழ்நாடு 2025 ஜனவரியில் மூன்று வளையம் போட்டது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். சுடும் பொறுப்பு விவசாயியிடம் இல்லை, பயிற்சி பெற்ற அரசு ஊழியரிடம் இருக்கிறது. இது நல்ல முடிவு.

ஆனால் தேர்வாய் கண்டிகைச் சாலையில் நின்று பார்க்கும்போது இந்த வளையங்களில் ஒரு குறை தெரிகிறது. அவை காட்டிலிருந்து தூரத்தை அளக்கின்றன, மனிதரிடமிருந்து அளக்கவில்லை. காட்டைவிட்டு விலகி வர வர ஊரும் ஆலையும் நெருங்குகின்றன. அதாவது, எங்கே சுட அனுமதி உண்டோ அங்கேதான் குண்டின் வழியில் ஆள் இருக்கும் வாய்ப்பும் அதிகம். பாயிண்ட் 30-06 போன்ற பெரிய ரைஃபிளின் குண்டு, குறி தவறி மேல்நோக்கிப் போனால் சுமார் நான்கு கிலோமீட்டர் போய் விழும். விளையாட்டுக்குப் பயன்படும் பாயிண்ட் 22 தோட்டாப் பெட்டியிலேயே ஒன்றரை மைல் எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் அத்தனை தூரத்துக்கு ஆளில்லாத திசை ஒன்றைக் காட்டுவது கடினம்.

அப்படியானால் அமெரிக்க வழக்கப்படி பெரிய ரைஃபிளில் மருந்தைக் குறைத்தால் தீருமா? தீராது. அதற்குக் காரணங்கள் இரண்டு.

முதல் காரணம் தரை. புல்வெளி அணிலைச் சுடுவோரில் பலர், மெதுவாகப் போகும் கனத்த குண்டை விட்டு, மிக வேகமாகப் போகும் சிறு குண்டையே விரும்புகிறார்கள். வேகமான சிறு குண்டு மண்ணைத் தொட்டதும் நொறுங்கிவிடும். மெதுவான ஈயக் குண்டு நொறுங்காது. கெட்டித் தரையில் பட்டால் தெறித்து வேறு திசையில் பறக்கும். கோடையில் இறுகிக் கிடக்கும் செம்மண்ணும், ஏரிக்கரைக் கருங்கல்லும், ஆலையின் காங்கிரீட் மதிலும் தெறிப்பதற்கு ஏற்ற பரப்புகள். குறைந்த மருந்து சத்தத்தைக் குறைக்கும், உதையைக் குறைக்கும். குண்டு எங்கே போய் நிற்கும் என்பதற்கு அது உத்தரவாதம் தராது.

இரண்டாவது காரணம் விலங்கு. முயலுக்கும் அணிலுக்கும் போதுமான பலம் பன்றிக்குப் போதாது. வளர்ந்த ஆண் பன்றி நூறு கிலோவைத் தொடும். தோளின் தோல் தடித்தது, கீழே எலும்பு கெட்டி. அரைகுறை பலத்தில் அடிபட்ட பன்றி சாகாமல் புதருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். விடியற்காலையில் விறகுக்கோ வெளிக்கோ போகிறவர்மேல் பாயும். பல நாள் புண்ணோடு அது படும் வேதனையும் சேர்த்துக் கணக்கிட வேண்டிய கொடுமை. கொல்லத்தான் வேண்டும் என்று முடிவெடுத்த பிறகு, ஒரே வெடியில் முடிப்பது மனிதருக்கும் விலங்குக்கும் செய்யும் கடமை.

ஆக, பன்றியைப் பொறுத்தவரை பலத்தைக் குறைக்க முடியாது, திசையைத்தான் கட்டுப்படுத்த முடியும். தமிழ் விவசாயிக்குப் பழக்கமான பரண் இதற்கு உதவும். உயரத்திலிருந்து கீழ்நோக்கி, கிட்டத்தில், உழுத மண்ணின்மேல் நிற்கும் பன்றியைச் சுட்டால் குண்டு தவறினாலும் பொலபொலப்பான மண்ணுக்குள் புதையும். சமதரையில் நின்று டார்ச் வெளிச்சத்தில் கிடைமட்டமாகச் சுடுவது இந்த வட்டாரத்தில் எந்தத் தோட்டாவுக்கும் பொருந்தாது. பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாத இலக்கைச் சுடக் கூடாது என்பது உலகெங்கும் துப்பாக்கிப் பயிற்சியில் முதலில் சொல்லிக் கொடுக்கும் விதி. கும்மிடிப்பூண்டியில் அந்த விதியை அரசாணையிலேயே எழுதி வைக்க வேண்டும்.

வனத்துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் வைக்க வேண்டிய வேண்டுகோள்கள் இவை: திருவள்ளூர் போன்ற தொழில் மாவட்டங்களில் காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் என்ற அளவோடு, குடியிருப்பு, ஆலை, நெடுஞ்சாலை, ரயில் பாதை ஆகியவற்றிலிருந்தும் ஒரு தூரத்தை வரையறுங்கள். சுடும் இரவை ஊராட்சி வழியாகவும் ஆலை நிர்வாகங்கள் வழியாகவும், தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் முன்கூட்டியே அறிவியுங்கள். சுட இடமில்லாத ஊர்களில் கூண்டு வைத்துப் பிடியுங்கள். சிப்காட் மதிலோரச் சீமைக் கருவேலத்தை அகற்றுங்கள், பன்றிக்குப் பகலில் படுக்க இடம் இல்லாமல் போகும். எல்லாவற்றுக்கும் முன்னால், அழிந்த பயிருக்கான இழப்பீட்டை அந்தப் பருவம் முடிவதற்குள் விவசாயியின் கையில் கொடுங்கள். கடலைக் கொல்லைக்காரருக்கு அடுத்த விதைப்புக்குப் பணம் கிடைத்துவிட்டால், மின்வேலிக்கும் அவுட்டுக்காய்க்கும் நாட்டுத் துப்பாக்கிக்கும் அவர் போக வேண்டிய தேவை இருக்காது.